வெக்கை ஊர்ல சைக்கிள்ல வேலைக்கு, வீட்ல பீர், கைக்கு ஒரு வேலை: எப்படி சமாளிக்கிறீங்க?

சக்கரவாகம் (சிங்கப்பூர்):

வணக்கம் எல்லாருக்கும். சைக்கிள்ல வேலைக்குப் போறவங்கள்ல நெறைய பேரு வீட்ல எதையாவது ஊற வெச்சிருக்காங்கன்னு கவனிச்சிருக்கேன், பீர், கொம்புச்சா (புளிக்க வெச்ச டீ), இஞ்சி சோடா, வினிகர், சவர்டோ (ரொட்டிக்குப் புளிக்க வெச்ச மாவு), அதுவும் இல்லன்னா தையல் மெஷின், மரவேலை, சால்டரிங்னு கைக்கு ஏதோ ஒண்ணு இருக்கு. அதான் ரெண்டையும் சேர்த்தே பேசலாம்னு இந்த இழை. நேரம் எங்கேருந்து கிடைக்குதுங்கறது என் கேள்வி இல்ல, அது அவங்கவங்க வீட்டு நிலவரம். என் விஷயம் வெக்கை.

வீடு பொங்கோல், வேலை பாய லேபார் பக்கம். ஆத்தோரப் பாதை, ஹவ்காங், அப்புறம் கொஞ்சம் மெயின் ரோடு. காலைல ஏழு மணிக்கே 26, 27 டிகிரி, மத்தியானம் 31, 32, காத்துல ஈரம் எந்நேரமும். இதே ஊர்ல, வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு சர்வீஸ் யார்டுல இருபது லிட்டர் பீர் நுரைச்சுட்டு இருக்கு. ஆனா ப்ரூ பண்றதை, அதாவது பீர் போடுறதைப் பத்திப் படிக்கக் கிடைக்கிறதெல்லாம் குளிர் ஊர்க்காரங்க எழுதினது, "வீட்ல ஒரு மூலைல வைங்க, 18லேருந்து 20 டிகிரி இருக்கும்"னு தான் ஆரம்பிக்கறாங்க. சைக்கிள்ல வேலைக்குப் போறதைப் பத்திப் படிச்சாலும் கையுறை, ஜாக்கெட், பனி உறைஞ்ச ரோடு. நமக்கு யாரு எழுதுறது?

நான் சொல்ல வர்றது ஒண்ணு தான். வெக்கையோட மல்லுக்கட்டாதீங்க, வெக்கையைத் தாங்குற ஈஸ்ட், வெக்கைக்குத் தோதான வேகம், துணி, சங்கிலிக்குப் போடுற பொருள் எல்லாமே இருக்கு, அதைத் தேடிப் பிடிச்சா போதும். நான் போடுறது க்வெய்க். நார்வேயோட மேற்குப் பக்கம் பண்ணை வீடுகள்ல தலைமுறை தலைமுறையா வெச்சிருந்த ஈஸ்ட் இது, மரத்துல செஞ்ச வளையத்துல தடவிக் காயவெச்சு அடுத்த தடவைக்கு எடுத்து வைப்பாங்க. அதுல வோஸ்னு ஊர் பேர்லயே வர்ற வகை 35லேருந்து 40 டிகிரி வரைக்கும் ஜம்முனு வேலை பாக்கும், மூணு நாலு நாள்ல முடிச்சிரும், ஆரஞ்சுத் தோல் வாசம் லேசா வரும். ஏல்ங்கற பீர் வகைக்குப் போடுற சாதாரண ஈஸ்ட்டை நம்ம ரூம் சூட்டுல விட்டீங்கன்னா தின்னர் வாடை அடிக்கும், குடிச்சா தொண்டை எரியும். ஏன்னா நொதிக்கும்போது உள்ளேயே சூடு வரும், வெளிய 30ன்னா உள்ள 33, 34.

சட்டம் கேக்குறவங்களுக்கு: சிங்கப்பூர்ல சொந்தக் குடிக்கு வீட்டுக்கு மாசம் 30 லிட்டர் வரைக்கும் லைசென்ஸ் இல்லாம நொதிக்க வைக்கலாம். 18 வயசு ஆயிருக்கணும், விக்கக்கூடாது. காய்ச்சி வடிக்கிறதுக்கு அனுமதி கிடையாது.

உங்க ஊர்ல எப்படி?

கோவைரிம் (கோயமுத்தூர்):

நல்ல இழைங்க. நான் பீர் எல்லாம் போடுறதில்லைங்க, பீளமேட்ல ஒரு சின்ன பட்டறை, லேத் வேலை, சாயங்காலமானா வீல் கட்டுறது கோட்டம் எடுக்குறது, ஞாயித்துக்கிழமை மரவேலை. வீட்டம்மணி கொம்புச்சா போடுறாங்க. வெக்கைன்னு சொன்னீங்களே, எங்களுக்கு ஏப்ரல்ல 36, 37 போகும் ஆனா காத்து காஞ்ச காத்துங்க. கொம்புச்சா ஜாடியை ஒரு தட்டுல தண்ணி ஊத்தி அதுல வெச்சு, மேல ஈரத்துணி சுத்தி, துணி நுனி தட்டுத் தண்ணில தொங்குற மாதிரி விட்டு சின்ன ஃபேனைத் திருப்பி விட்டா போதும், ஜாடி தொட்டா ஜில்லுன்னு இருக்கும். பானைத் தண்ணி எப்படிக் குளுருதோ அதே தான். நீங்க ஏன் அதைப் பண்ணக்கூடாது? க்வெய்க்கு மட்டும் தான் வழின்னு சொல்றது ஒத்துக்க முடியலைங்க.

சக்கரவாகம் (சிங்கப்பூர்):

அண்ணே, உங்க ஊருக்கு அது சரி, இங்க அது ஓடாது. கணக்கைப் பாருங்க. ஈரத்துணி எவ்வளவு தான் குளுந்தாலும் ஈரக்குமிழ் வெப்பநிலைன்னு ஒண்ணு இருக்கு, அதுக்குக் கீழ போகாது. 35 டிகிரில ஈரப்பதம் 35 சதவீதம்னா அது ஏறக்குறைய 23. அதாவது உங்க ஜாடி 12 டிகிரி வரைக்கும் இறங்க வழி இருக்கு. இங்க 31 டிகிரில ஈரப்பதம் 70ன்னா ஈரக்குமிழ் 26ஐத் தாண்டி நிக்கும். தண்ணி ஊத்தி துணி சுத்தி ஃபேன் போட்டு இவ்வளவும் பண்ணி கிடைக்கிறது நாலு டிகிரி, அதுல பாதியை ஈஸ்ட்டே திருப்பி சூடாக்கிரும்.

சைக்கிள்லயும் இதே கணக்கு தான் ஓடுது, அதுக்குத் தான் ரெண்டையும் சேர்த்தேன். வேர்வை நம்மளக் குளுர வைக்கிறது அது காயுறதால, வழியுறதால இல்ல. 15, 18 கிலோமீட்டர் வேகத்துல போயிட்டே இருந்தா காத்து அடிச்சு காஞ்சுட்டே இருக்கு, சட்டை கூட பெருசா நனையாது. சிக்னல்ல நின்னதும் முதுகுல ஆறு ஓடும். ஆபீஸ் வாசல்ல இறங்கினதும் நேரா ஏசிக்குள்ள போய் சட்டை மாத்தினா, மாத்தின சட்டையும் நனையும், ஏன்னா உள்ள சூடு இன்னும் வெளிய வந்துட்டு இருக்கு. நான் பண்றது, கடைசி ஒன்றரை கிலோமீட்டரை நடைவேகத்துக்குக் கொஞ்சம் மேல ஓட்டுறது. அங்க நடைபாதை தான், நடைபாதையில சைக்கிளுக்கு 10 கிலோமீட்டர் தான் வேக வரம்புங்கறதால எப்படியும் மெதுவா தான் போகணும். இறங்கினதும் கார் பார்க்ல காத்தோட்டமான இடத்துல சைக்கிளைத் துடைச்சுட்டே பத்து நிமிஷம் நிப்பேன், வேர்வை நின்னதுக்கு அப்புறம் தான் முகம் கழுவி சட்டை மாத்துறது. முதுகுப்பை மட்டும் வேண்டவே வேண்டாம், முதுகு தான் காயுறதுக்குப் பெரிய இடம், அதை மூடிட்டா போச்சு. பின்னாடி கேரியர்ல பை.

நொதிமன்னன் (சென்னை):

வேளச்சேரிலேருந்து தரமணி, அப்புறம் ஓஎம்ஆர் சர்வீஸ் ரோடு, நம்ம ரூட்டு. தூரம் கம்மி ஆனா பஸ், ஆட்டோ, எதிர்ல வர்ற பைக்கு, தோண்டிப் போட்ட பள்ளம்னு எல்லாம் உண்டு. பத்து நிமிஷம் நின்னு காயுறதுங்கறது நம்ம ஆபீஸ் செக்யூரிட்டி அண்ணனுக்கும் பழகிருச்சு, எனக்குன்னு நிழல்ல ஒரு ஸ்டூல் போட்டு வெச்சிருக்காரு.

தமிழ்நாட்ல இருக்குறவங்க ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கங்க, இங்க 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கு, வீட்ல பீர் ஒயின் போடுறது குத்தம், சொந்தக் குடிக்குன்னாலும் சரி. அதனால நான் இஞ்சி சோடா, கொம்புச்சா, தேங்காத்தண்ணி வினிகர்னு நிறுத்திக்கறேன். நொதிக்க வைக்கிற சுகம் அதுலயும் முழுசா இருக்கு.

இஞ்சி சோடாவுக்கு நான் பண்றது, தோலோட துருவின இஞ்சி ஒரு ஸ்பூன், சர்க்கரை ஒரு ஸ்பூன், ஆற வெச்ச தண்ணில போட்டு தினமும் அதே அளவு சேர்த்துக்கிட்டே வந்தா நம்ம வெக்கைக்கு ரெண்டு மூணு நாள்லயே முறுமுறுன்னு சத்தம் கேக்கும், காதை வெச்சுக் கேட்டா தெரியும். அதை வடிகட்டி சர்க்கரைப் பாகு எலுமிச்சை கலந்து பாட்டில்ல அடைச்சு ஒரு நாள், ஃப்ரிட்ஜ். வெளியவே விட்டா ஆல்கஹால் ஏறிட்டே போகும், பாட்டிலும் வெடிக்கும், அதனால ஃப்ரிட்ஜ் கட்டாயம்.

இப்ப கேள்வி. பழைய கோலி சோடா பாட்டில் ஒரு டஜன் கிடைச்சிருக்கு, பச்சைக் கண்ணாடி, அழகுன்னா அழகு. அதுல இஞ்சி சோடா அடைக்கலாமா?

சக்கரவாகம் (சிங்கப்பூர்):

வேண்டாம் தம்பி. அந்த பாட்டில் 1870கள்ல ஹைரம் காட்ங்கற இங்கிலாந்துக்காரர் கண்டுபிடிச்சது, கோலி மேல இருக்கற ரப்பர் வளையத்தை அடைக்கணும்னா உள்ளேருந்து கேஸ் தள்ளணும். சோடா கடைல கேஸ் ஏத்தி பாட்டிலைக் கவுத்துப் போட்டு அடைக்கிறது அதுக்குத் தான். நீங்க சர்க்கரை போட்டு மெதுவா கேஸ் உண்டாக்கினா முதல் நாள் உள்ள அழுத்தமே இருக்காது, கோலி கீழயே கிடக்கும், வர்ற கேஸ் எல்லாம் வெளிய போயிரும். தப்பித் தவறி அடைச்சுக்கிச்சுன்னா பழைய கண்ணாடில எங்க விரிசல் இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஷெல்ஃப்ல வெச்சு அழகு பாருங்க.

சோடா, கோலா வந்த அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் தான் நம்ம மாதிரி ஆளுங்களுக்குச் சரி. கேஸுக்குன்னே செஞ்சது, விரலால அமுக்கிப் பாத்தாலே உள்ள எவ்வளவு அழுத்தம்னு தெரியும், கல்லு மாதிரி ஆச்சுன்னா உடனே ஃப்ரிட்ஜ். தண்ணி பாட்டில் ஆகாது, அது மெலிசு.

பீர்க்கு நான் போடுற கணக்கு, லிட்டருக்கு 6லேருந்து 7 கிராம் சர்க்கரை. ஒரு லிட்டர்ல நாலு கிராம் சர்க்கரை நொதிச்சா ரெண்டு கிராம் கேஸ் வரும், அது திரவத்தோட கொள்ளளவுக்கு ஒரு மடங்கு கேஸ்னு வெச்சுக்கலாம். நொதிச்சு முடிஞ்ச பீர்ல ஏற்கனவே முக்கால் மடங்கு கரைஞ்சிருக்கும், எல்லாம் சேர்ந்து ரெண்டரைக்குப் பக்கத்துல வரும், போதும். ஆனா நொதிக்கிறது முழுசா முடிஞ்சிருக்கணும், ஹைட்ரோமீட்டர் (பீரோட அடர்த்தியை அளக்குற கருவி) ரெண்டு நாள் தள்ளித் தள்ளிப் பாத்தாலும் அதே எண்ணைக் காட்டணும். ஆரம்பத்துல 1.050, கடைசில 1.010ன்னா வித்தியாசத்தை 131ஆல பெருக்குங்க, அஞ்சேகால் சதவீதம் ஆல்கஹால். குமிழி நின்னுருச்சுன்னு கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க.

யாழ்ப்பனை (யாழ்ப்பாணம்):

நீங்கள் நார்வே ஈஸ்ட்டைப் பற்றிக் கதைக்கிறியள், எங்கட பனையில காலமை இறக்கிற கள்ளுக்கு ஆர் ஈஸ்ட் போட்டவை? முட்டியில, அந்த மண்பானையில கிடக்கிறதே காணும். பாளை சீவி முட்டி கட்டினால் இந்த வெக்கைக்குள்ள மரத்தில இருக்கேக்கையே நுரைக்கத் தொடங்கியிடும், மத்தியானம் இனிப்பாக் கிடக்கிறது பின்னேரம் புளிக்கும், அடுத்த நாள் விட்டால் வினாகிரி. வெக்கைக்கு ஏற்ற ஈஸ்ட் தேடுறவைக்கு இதைவிட என்ன வேணும்?

கருப்பணி வேணுமெண்டால் முட்டிக்குள்ள சுண்ணாம்பு தடவுறது. சுண்ணாம்பு காரம், அந்தக் காரத்தில ஈஸ்ட்டும் பற்றீரியாவும் பெருகாது, அதால இனிப்பு அப்படியே நிக்கும், அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. தமிழ்நாட்டில பதநீர் எண்டு சொல்லுறது இதைத் தான். சுண்ணாம்பு கூடினால் வாயில வைக்கேலாது, குறைஞ்சால் புளிச்சிடும், இறக்கிறவைக்குக் கை அளவு தெரியும்.

சைக்கிள் எண்டால் எங்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை, அது எங்கட கால். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடையில பெற்றோல் இல்லாமல் சைக்கிளில தான் ஊரே ஓடினது, ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏத்திறது, விறகு, நெல்லு மூட்டை எல்லாம். கரண்ட் இல்லாததால சைக்கிளைக் கவிட்டுப் போட்டு டைனமோவைச் சுத்தி ரேடியோவில செய்தி கேட்டம். அந்த டைனமோ 6 வோல்ட், 3 வாட், அவ்வளவு தான், ஆனால் ரேடியோவுக்கு அது காணும். எங்கட அப்பாவின்ர காலத்துக் கை வேலை எல்லாம் அங்க தொடங்கினது. நான் இப்பவும் வேலைக்குச் சைக்கிள் தான், பின்னேரம் பழைய டைனமோ, டைனமோ ஹப் வாங்கிப் பிரிச்சுப் பூட்டுறது. 2022இல எண்ணெய்த் தட்டுப்பாடு வரேக்க கொழும்பு ஆக்களும் சைக்கிளுக்கு வந்தவை.

நொதிமன்னன் (சென்னை):

அண்ணை, டைனமோ விஷயம் கேட்டு ரோமம் நின்னுது. அந்த டைனமோவுல ஏசி கரண்ட் வருமே, ரேடியோவுக்கு எப்படிக் கொடுத்தீங்க?

யாழ்ப்பனை (யாழ்ப்பாணம்):

நாலு டயோட், ஒரு கப்பாசிற்றர் தம்பி. டயோட்டை பிரிட்ஜா இணைச்சால் ஏசி டிசி ஆகும், கப்பாசிற்றர் அந்தத் துடிப்பைச் சமப்படுத்தும். சுத்திறவன் ஒரே வேகத்தில சுத்த வேணும், இல்லாட்டில் குரல் இழுபடும். இப்ப நான் அதே இணைப்பில 5 வோல்ட் ரெகுலேற்றர் வைச்சு ஃபோன் சார்ஜ் பண்ணுறன், ஆனால் ஓடுற வேகம் 15க்கு மேல இருக்க வேணும்.

டச்சுமழை (ஐந்தோவன், நெதர்லாந்து):

நான் எதிர்ப் பக்கத்துலேருந்து வர்றேன். இங்க வெக்கை பிரச்சினை இல்ல, மழையும் எதிர்க்காத்தும் தான். ஆனா சைக்கிள் பாதைன்னா அது பாதை, சிக்னல் தனி, நிறுத்துறதுக்கு உட்ரெக்ட் ஸ்டேஷன்ல மட்டும் 12,500 சைக்கிள் நிக்கிற இடம். கம்பெனி சைக்கிள்ல வர்றவங்களுக்கு கிலோமீட்டருக்குக் காசு கொடுக்கும், 2024லேருந்து 23 சென்ட் வரைக்கும் வரி இல்லாம. ஊர்ல ஒருத்தனும் இதை உடற்பயிற்சின்னு நினைக்கிறதில்ல, பல்லு விளக்குற மாதிரி ஒரு வேலை.

க்வெய்க் பத்தி எனக்கு ஒரு மாத்துக்கருத்து. எல்லா பீருக்கும் ஆரஞ்சு வாசம் வேணுமா? தெளிவா, மெலிசா, வாசமே இல்லாத ஒரு லாகர் குடிக்கணும்னா 10, 12 டிகிரி வேணும், அதுக்கு எந்த வெக்கை ஈஸ்ட்டும் ஈடாகாது. நான் நவம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் தோட்டத்து ஷெட்ல போடுறேன், ஃப்ரிட்ஜே வேண்டாம். உங்க ஊர்ல பழைய ஃப்ரிட்ஜ் ஒண்ணு, ஒரு தெர்மோஸ்டாட் போட்டா ஆச்சு, அதை ஏன் தவிர்க்கிறீங்க?

இன்னொண்ணு, பாட்டில் போட்டு ருசி பாத்துட்டு சைக்கிள் எடுக்கறவங்க கவனம். இங்க சைக்கிள்காரனுக்கும் ரத்தத்துல ஆல்கஹால் ஆயிரத்துக்கு 0.5 தான் அளவு, கார்க்காரனுக்கு இருக்கறதே. ப்ரூ நாள்னா சைக்கிள் உள்ள, அவ்வளவு தான்.

சக்கரவாகம் (சிங்கப்பூர்):

கடைசியா சொன்னது நூத்துக்கு நூறு. நான் ருசி பாக்குறதே ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தான்.

லாகர் விஷயத்துல உங்க பக்கம் நியாயம் இருக்கு, க்வெய்க்ல லாகரோட தெளிவு வராது. ஆனா வீவக வீட்டு சமையலறைல ரெண்டாவது ஃப்ரிட்ஜுக்கு இடமும் கரண்ட் பில்லும் யாரு கொடுக்கறது? 33 டிகிரில இருக்கற அறைக்குள்ள ஒரு ஃப்ரிட்ஜை 11 டிகிரில ரெண்டு வாரம் ஓட்டினா அந்தச் சூடு முழுக்க அதே வீட்டுக்குள்ள தான் வந்து விழும். ஊரோட ஒத்துப் போற பீர் இருக்கும்போது எனக்கு மனசு வரல. அதோட அந்த வாசம் எனக்குப் பிடிச்சிருக்கு, எலுமிச்சைத் தோலும் தேக்கா சந்தைல வாங்கின கொத்தமல்லி விதையும் கொஞ்சம் இடிச்சுப் போட்டா அந்த ஆரஞ்சு வாசத்தோட அப்படிப் பொருந்தும். பெல்ஜியத்துக்காரங்க கோதுமை பீருக்குக் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் தான் போடுறாங்க.

தண்ணி பத்தியும் சொல்லிடுறேன், சிங்கப்பூர் குழாய்த் தண்ணில கிருமி கொல்லப் போடுற குளோரமைன் இருக்கு, ராத்திரி முழுக்க திறந்து வெச்சாலும் சுலபத்துல போகாது. அது பீர்ல சேர்ந்தா ஆஸ்பத்திரி பேண்டேஜ் வாடை. கேம்ப்டன்னு ஒரு சல்ஃபைட் மாத்திரை, அதுல பாதி, இருபது லிட்டருக்குத் தாராளம், உடனே சரியாயிரும்.

ஊசிநூல் (சிங்கப்பூர்):

அங் மோ கியோலேருந்து ஒரு அக்கா. பீர் எல்லாம் தெரியாது, சவர்டோவும் தையலும் என் பக்கம், மடக்குற சைக்கிள் வெச்சிருக்கேன், மழை பிடிச்சா எம்ஆர்டி ரயில்ல ஏறிடுவேன். மடக்கினா 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டருக்குள்ள இருந்தா உள்ள விடுவாங்க, அளந்து பாத்துட்டு வாங்குங்க.

சக்கரவாகம் தம்பி, நீங்க பீர் போட்டதும் மிஞ்சுற மால்ட் (முளைகட்டிக் காயவெச்ச பார்லி) சக்கையை என்ன பண்றீங்க? தூக்கிப் போடுறீங்கன்னா எனக்குக் கொடுங்க. ஈரத்தோட ஒரு நாள் வெளிய வெச்சா இந்த வெக்கைக்குப் புளிச்சு நாறும், அன்னைக்கே பிழிஞ்சு தட்டுல பரத்தி ஓவன்ல காயவெச்சு மிக்ஸில அரைச்சா சில வாரம் தாங்கும், அது போதும். தோசை மாவுல ஆறுல ஒரு பங்கு கலந்தா முறுமுறுப்பும் லேசா ஒரு வறுத்த வாசமும். ரொட்டிக்கும் அப்படியே. உமி இருக்கும், அதனால நல்லா நைசா அரைக்கணும்.

பை தைக்கிற விஷயம் யாராவது கேட்டா சொல்றேன், கடைல விக்கிற பை எல்லாம் நம்ம மழைக்குத் தாங்கினாலும் பாட்டில் வெக்க உள்ள பிரிவு இருக்காது.

சக்கரவாகம் (சிங்கப்பூர்):

அக்கா, சக்கை உங்களுக்கே. சனிக்கிழமை சைக்கிள்ல கொண்டு வந்து தர்றேன். இருபது லிட்டருக்கு நாலரை அஞ்சு கிலோ மால்ட் போடுறேன், ஊறி வந்தா கனம் கூடும், அதனால ரெண்டு பைல பிரிச்சு ரெண்டு பக்கமும் மாட்டணும், ஒரு பக்கம் மட்டும் மாட்டினா சைக்கிள் இழுக்கும். மால்ட் வாங்கிட்டு வரும்போதும் அப்படித் தான். 25 கிலோ மூட்டையா வாங்கினா விலை குறையும், ஆனா பெரும்பாலான கேரியர்ல 25 கிலோ தான் எல்லைன்னு அடிச்சிருக்கும், பூட்டு, டூல், பை எல்லாம் சேர்த்தா தாண்டிரும். அரைச்ச மால்ட் அஞ்சு கிலோவா அப்பப்ப வாங்குறது இந்த ஈரக்காத்துக்கும் நல்லது, அரைச்சு வெச்சா சீக்கிரம் நமுத்துப் போகும்.

கோவைரிம் (கோயமுத்தூர்):

சங்கிலி பத்தி யாரும் பேசலீங்களே. மழையும் வேர்வையும் உப்பும் சங்கிலியைத் தான் முதல்ல தின்னும். சில பேரு கடலையெண்ணெய் தேங்காயெண்ணெய் விடுறாங்க, தயவு செஞ்சு வேண்டாம்ங்க, ரோட்டுத் தூசியை இழுத்துப் பிடிச்சு உப்புத்தாள் மாதிரி பல்சக்கரத்தையே அறுத்துரும். சங்கிலி தேஞ்சுதான்னு பாக்க கருவி கூட வேண்டாம், ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். புதுச் சங்கிலில ஒரு பின்னோட நடுவுலேருந்து 24 பின் தள்ளி இருக்கற பின்னோட நடு வரைக்கும் அளந்தா சரியா 12 இஞ்ச், அது 12 இஞ்சும் பதினாறுல ஒரு பங்கும் ஆச்சுன்னா மாத்திருங்க. இன்னும் விட்டா பின்னாடி கேசட்டும் (பல்சக்கர அடுக்கு) சேர்ந்து போகும், செலவு நாலு மடங்கு.

வீல் கோட்டம் எடுக்கறவங்களுக்கு ஒண்ணு. ஒரு ஸ்போக்கை ஒரே சுத்தா இறுக்காதீங்க, கால் சுத்து, பக்கத்து எதிர்ஸ்போக்கைக் கால் சுத்து தளர்த்து, வீலைச் சுத்திப் பாரு, மறுபடி. ஒரே பக்கத்து ஸ்போக்கை எல்லாம் விரலால தட்டிக் கேட்டா ஒரே சுருதில பேசணும், ஒண்ணு மட்டும் மந்தமா கேட்டா அது தளர்ந்திருக்குன்னு அர்த்தம். இதை என் லேத்ல வேலை கத்துக்க வர்ற பசங்களுக்கும் சொல்லித் தர்றேன், காதைத் தீட்டிக்கோன்னு.

டச்சுமழை (ஐந்தோவன்):

கோவை அண்ணா, எண்ணெயை விட்டுட்டு மெழுகுக்கு வாங்க. சங்கிலியைக் கெரசின்ல நல்லா கழுவி, காயவெச்சு, உருகின பாரஃபின் மெழுகுல முக்கி எடுத்தா தூசி ஒட்டாது, கை கறுக்காது. 80, 90 டிகிரி இருந்தா போதும், நேரா அடுப்புத் தீயில வைக்காம தண்ணிப் பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வெச்சு உருக்குங்க, மெழுகு தீப்பிடிச்சா அணைக்கறது கஷ்டம். மழைல நனைஞ்சா மட்டும் அன்னைக்கே துடைச்சு மறுபடி முக்கணும்.

ஊசிநூல் (சிங்கப்பூர்):

எங்க வீட்ல அதுக்குத் தனி பாத்திரம், தனி தெர்மாமீட்டர், மூடில சிவப்பு டேப் ஒட்டி வெச்சிருக்கேன், சமையலறைல யாரும் தவறி எடுத்துரக்கூடாதுன்னு. பீர் போடுறவங்க இன்னும் கவனமா இருக்கணுமே?

சக்கரவாகம் (சிங்கப்பூர்):

ரொம்பவே. கொழுப்போ எண்ணெயோ மெழுகோ துளி சேர்ந்தாலும் பீர் நுரை நிக்காது, ஊத்தினதும் அடங்கிரும். மால்ட் ஊறப் போடுறதுக்கும் தெர்மாமீட்டர் தான் உயிர், 65லேருந்து 68 டிகிரிக்குள்ள ஒரு மணி நேரம், 65 பக்கம்னா பீர் இனிப்பு கம்மியா வறண்டு வரும், 68 பக்கம்னா வாய்க்குக் கொஞ்சம் கனமா இருக்கும். அந்த ஒரு தெர்மாமீட்டரை மெழுகுப் பாத்திரத்துல வெச்சு எடுத்துட்டு மால்ட்ல விட்டா கெட்டுது.

இதே மாதிரி ஒரு பொருள் ரெண்டு பக்கமும் வர்றது சின்ன கரியமில வாயு உருளை. டயர்ல காத்து ஏத்துற 16 கிராம் உருளையும் மினி கெக்ல (சின்ன பீர் பீப்பாய்) பீரைத் தள்ளுற உருளையும் பாக்க ஒண்ணு தான், திருகும் ஒண்ணு தான். 16 கிராம் கேஸ் வெளிய வந்தா கிட்டத்தட்ட ஒன்பது லிட்டர் ஆகும். டயருக்குன்னு விக்கிறதுல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம், உணவுக்கானதுன்னு போட்டதை மட்டும் பீருக்கு எடுங்க. திருப்பிப் போட்டா தப்பில்ல, உணவு உருளையை டயர்ல விடலாம், ஆனா அந்த கேஸ் ட்யூப் ரப்பர் வழியா காத்தை விட சீக்கிரம் வெளியேறும், வீடு போய்ச் சேர்ந்ததும் பம்ப்பால சாதாக் காத்து ஏத்திடுங்க.

நொதிமன்னன் (சென்னை):

அருமையான தகவல்ணே. ஊசிநூல் அக்கா, அந்தப் பை விஷயம் நான் கேக்கறேன். ஆபீஸ்ல பசங்க இஞ்சி சோடா கேட்டு நச்சரிக்கறாங்க, அரை லிட்டர் பாட்டில் ஆறு ஆபீஸ்க்குக் கொண்டு போகணும், நம்ம ரோட்ல குலுங்கி நுரைச்சு வெடிக்காம. துணி எது, ஊசி எது?

ஊசிநூல் (சிங்கப்பூர்):

தம்பி, பாட்டில் விட்டம் ஏழு சென்டிமீட்டர்னு வெச்சுக்கோ. மூணு மூணா ரெண்டு வரிசை, அதனால அடி 22க்கு 15, உயரம் 26, மேல சுருட்டி மூடுறதுக்கு இன்னும் 20 விடு. துணி, கார்டுரான்னு ஒரு தடி நைலான் துணி கிடைச்சா நல்லது, கிடைக்கலன்னா பழைய ஃப்ளெக்ஸ் பேனரை உள்பக்கமும் தடி கேன்வாஸை வெளிப்பக்கமும் வெச்சு தை, பேனர்ல தண்ணி இறங்காது. ஊசி நம்பர் 100 அல்லது 110, அதுக்குக் கீழன்னா வளையும். நூல் பாலியஸ்டர் மட்டும், பருத்தி நூல் மழைல இத்துரும். அடில நாலு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் அட்டை, முதுகுப் பக்கமும் ஒண்ணு, அதுல தான் கொக்கி திருகணும். பாட்டிலுக்கு நடுவுல யோகா மேட் வெட்டி தடுப்பா வை, குலுங்கறதும் குறையும் சூடும் ஏறாது.

வெடிக்கிற பயத்துக்கு ஒரே மருந்து குளிர். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல இருந்த பாட்டிலை கிளம்புறப்போ எடு, உள்ள ஐஸ் கட்டிப் பை ஒண்ணு போடு, ஆபீஸ் போனதும் திறக்காத, அங்க ஃப்ரிட்ஜ்ல ஒரு மணி நேரம் நிக்க வெச்சுட்டுத் திற.

யாழ்ப்பனை (யாழ்ப்பாணம்):

அக்கா, கொக்கிக்கு என்ன பாவிக்கிறியள்? இஞ்ச அந்தச் சாமான் கிடைக்காது, நான் அலுமினியப் பட்டியை வளைச்சுச் செய்யலாம் எண்டு பாக்கிறன்.

கோவைரிம் (கோயமுத்தூர்):

மூணு மில்லி தடிப்பு, இருபது மில்லி அகலப் பட்டை எடுங்க, கேரியர் கம்பி எவ்வளவு தடின்னு அளந்துட்டு அதே தடி ராடு மேல வெச்சு வளைச்சா கச்சிதமா உக்காரும். வளைக்கிற இடத்துல கூர்மையா மடிக்காதீங்க, அங்க தான் முறியும். உள்பக்கம் சைக்கிள் ட்யூப் ரப்பர் ஒட்டினா கிடுகிடுன்னு சத்தம் வராது. கீழ ஒரு எலாஸ்டிக் கொக்கி கட்டாயம் வேணும், இல்லன்னா பள்ளத்துல ஏறி இறங்கும்போது பை எகிறி விழும்.

ஊசிநூல் (சிங்கப்பூர்):

சரியாச் சொன்னீங்க அண்ணா, நானும் அதே மாதிரி தான். கொக்கி திருகுறதுக்கு முன்னாடி பையை கேரியர்ல பிடிச்சு வெச்சுட்டு பெடலை மெதுவா ஒரு சுத்து சுத்திப் பாருங்க, குதிகால் பையில இடிக்காத இடம் எதுன்னு தெரியும், அங்க பென்சில்ல கோடு போட்டு அப்புறம் துளை போடுங்க. நொதிமன்னன், உன் கால் சைஸ் பெருசுன்னா ரெண்டு விரல் இன்னும் பின்னாடி தள்ளிக்கோ.